நின்ற எண்ணும் ஓடிய ஐயமும்

ஆசிரியர் தொழில் எண்களோடு பின்னிப் பிணைந்த தொழில். காலையில் வருகைப் பதிவேட்டில் தொடங்குகிறோம். மாலையில் புள்ளிப் பட்டியலில் முடிக்கிறோம். எத்தனை மாணவர், எத்தனை நாள், எத்தனை புள்ளி என்று எண்ணியே நம் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, எழுதப்பட்ட ஓர் எண்ணைக் கண்டால் நமக்குள் ஒரு பணிவு தோன்றிவிடுகிறது. மனிதர் பொய் சொல்லலாம். எண் பொய் சொல்லாது என்று நம்புகிறோம். கால் நூற்றாண்டுக்கு மேலாக நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பழைய காரின் மீட்டர் எனக்கு வேறு பாடம் கற்பித்தது. அந்தப் பாடத்திற்கு உரிய விலையை நான் கொடுக்கவில்லை; வேறொருவர் கொடுத்தார். ஆகையால்தான் அதனை மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் கார் என் தந்தையார் 1993இல் வாங்கியது. அவர் பினாங்குத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். எதனையும் குறித்து வைக்கும் பழக்கம் உடையவர். எண்ணெய் நிரப்பும்போதெல்லாம் நாள், மீட்டரில் உள்ள எண், எத்தனை லிட்டர், எத்தனை வெள்ளி என்னும் நான்கினையும் ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் காரை எடுப்பார். அவர் மறைந்தபின் கார் எனக்கு வந்தது. குறிப்பேடும் கூடவே வந்தது. புதிய கார் வாங்கும்படி பிள்ளைகள் எத்தனையோ முறை சொல்லியும் எனக்கு மனம் வரவில்லை. தந்தையாரின் கையெழுத்து முடிந்த வரிக்கு அடுத்த வரியில் என் கையெழுத்து தொடங்குகிறது. அந்தத் தொடர்ச்சியை அறுக்க நான் விரும்பவில்லை.

2018 நவம்பர் இறுதியில், ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், நானும் என் துணைவியாரும் ஒரு மாதம் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டோம். குளுகோரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் காருக்குக் கூரை இல்லை. ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைத்தால் பழைய கார் தாங்காது. யாரிடம் விட்டுச் செல்வது என்று எண்ணியவுடன் ஒருவர் முகமே நினைவுக்கு வந்தது. அவர் எங்கள் பள்ளிக்கு வேனில் பிள்ளைகளை ஏற்றி வருபவர். ஜெலுத்தோங்கில் குடியிருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணன்' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். பதினைந்து ஆண்டுகளாக அவரை அறிவேன். மழை வெள்ளம் தெருவை மூடிய நாட்களிலும் ஒரு பிள்ளையையேனும் அவர் வழியில் விட்டதில்லை. வேன் கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகள் மூவரை ஓராண்டு முழுவதும் சும்மா ஏற்றி வந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

சாவியைக் கொடுக்கும்போது நான் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, சும்மா நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். அவ்வப்போது எடுத்து ஓட்டி வையுங்கள்."

"கவலைப்படாமல் போய் வாருங்கள் சார்" என்றார் அவர்.

எத்தனை முறை ஓட்டலாம், எவ்வளவு தொலைவு ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்று அது நம்பிக்கையின் அடையாளமாக எனக்குத் தோன்றிற்று. ஆனால் பழக்கம் விடவில்லை. கிளம்புமுன் குறிப்பேட்டில் மீட்டர் எண்ணை எழுதிக்கொண்டேன்: 86214. எண்ணெய் பாதி இருந்தது, அதனையும் எழுதினேன்.

டிசம்பர் 27ஆம் நாள் திரும்பினோம். மறுநாள் காலை அவரே காரைக் கொண்டுவந்து விட்டார். கழுவித் துடைக்கப்பட்டுப் பளபளவென்றிருந்தது. எண்ணெய் நிறைந்திருந்தது. அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். வீட்டில் உறவினர் கூடியிருந்ததால் நான் அவசரமாக நன்றி கூறிச் சாவியை வாங்கிக்கொண்டேன். மாலையில் வழக்கம்போல மீட்டரைப் பார்த்தேன்: 86251. முப்பத்தேழு கிலோமீட்டர். பேட்டரிக்காக நாலைந்து முறை ஜெலுத்தோங்கைச் சுற்றி வந்திருப்பார் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி கால் மணி நேரமே நீடித்தது. இருக்கைக்கு அடியில் விழுந்து கிடந்த என் கண்ணாடி உறையை எடுக்கக் குனிந்தபோது ஒரு சிறு தாள் கையில் பட்டது. எண்ணெய் நிலையத்தின் பற்றுச்சீட்டு. டிசம்பர் மாதத்துத் தேதி. ஊர்: சுங்கைப் பட்டாணி.

பினாங்குத் தீவில் வாழாதவர்களுக்கு இதன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சுங்கைப் பட்டாணி கடா மாநிலத்தில் இருக்கிறது. குளுகோரிலிருந்து அங்கே செல்வதற்கு 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தின் நீளமே 13.5 கிலோமீட்டர். போகவும் வரவும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஆகும். முப்பத்தேழு கிலோமீட்டரில் ஒருவர் பாலத்தைக் கடந்து திரும்பலாம். சுங்கைப் பட்டாணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது.

கணக்கு ஆசிரியனாகத் தொழிலைத் தொடங்கியவன் நான். கணக்கு என்னை விடவில்லை. கார் ஓடியிருக்கிறது, எண் ஓடவில்லை. அப்படியானால் எண்ணை யாரோ ஓடாமல் தடுத்திருக்கிறார்கள், அல்லது பின்னுக்குத் திருப்பியிருக்கிறார்கள். வேன் ஓட்டுபவருக்கு இது தெரியாத கலையா?

உண்மையில் அது பெரிய கலையும் அன்று. பழைய கார்களில் கியர்ப் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் மீட்டருக்கு வரும். சக்கரம் உருள உருள அந்தக் கேபிளின் உட்கம்பி சுழலும். ஜப்பானிய முறையில் ஒரு கிலோமீட்டருக்கு அது 637 முறை சுழல வேண்டும் என்பது கணக்கு. அந்தச் சுழற்சி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி காந்தத்தின் வழியாக வேகம் காட்டும் முள்ளை அசைக்கிறது. மற்றொரு பகுதி சின்னஞ்சிறு பற்சக்கரங்களின் வழியாக எண் உருளைகளைத் திருப்புகிறது. ஓர் உருளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பக்கத்து உருளை பத்தில் ஒரு பங்கு நகரும். கேபிளைக் கழற்றிவிட்டால் கார் எத்தனை காதம் ஓடினாலும் எண் அசையாது. இக்காலக் கார்களில் எண் மின்னணு நினைவகத்தில் இருக்கிறது. அதனையும் கணினி கொண்டு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐயம் என்பது ஒரு விந்தையான வழக்கறிஞர். எந்தச் சான்று கிடைத்தாலும் அதனைத் தன் கட்சிக்கே வாதாட வைத்துவிடும். காரை ஏன் கழுவியிருக்கிறார்? நெடுஞ்சாலையின் சேறு தெரியக்கூடாது என்பதற்காக. எண்ணெயை ஏன் நிரப்பியிருக்கிறார்? செலவானது தெரியக்கூடாது என்பதற்காக. காலையில் ஏதோ சொல்ல வந்தாரே, அது என்ன? நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று ஆழம் பார்த்திருக்கிறார். முதல் நாள் காலையில் நன்றியுணர்வுக்குக் காரணமாக இருந்த ஒவ்வொன்றும் இரவில் குற்றச்சாட்டாக மாறி நின்றது. பொருள்கள் மாறவில்லை, பார்க்கும் கண் மாறிவிட்டது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது எண்ணிப் பார்த்தால் அது சமாதானமன்று, கோழைத்தனம் என்பது விளங்குகிறது. கேட்டால் அவர் விடை சொல்வார். விடை சொன்னால் என் ஐயம் பொய்யாகிவிடலாம். கண்டுபிடித்துவிட்டோம் என்னும் இறுமாப்பை இழக்க என் மனம் விரும்பவில்லை.

2019 ஜனவரி 2ஆம் நாள் பள்ளி திறந்தது. காலையில் வேன் வாயிலில் வந்து நிற்கும்போது நான் வழக்கமாக அருகில் சென்று நலம் விசாரிப்பேன். அந்த ஆண்டு அலுவலகத்திலேயே இருந்துவிட்டேன். ஓரிரு நாள் அவர் தலையை நீட்டி என்னைத் தேடினார். பின்னர் தேடுவதை விட்டுவிட்டார்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். அக்காலத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது, 2021இல்தான் அது கைவிடப்பட்டது. அத்தேர்வுக்காகச் சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு நடத்துவோம். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேனைச் சங்கம் அமர்த்தும். பல ஆண்டுகளாக அது அண்ணனின் வேனாகவே இருந்து வந்தது. அந்தப் பொருள் வந்தபோது செயலாளர், "வழக்கம்போல அவரையே வைத்துக்கொள்ளலாமா, சார்?" என்று கேட்டார்.

"இவ்வாண்டு வேறொருவரைப் பார்ப்போமே" என்றேன்.

யாரும் காரணம் கேட்கவில்லை. தலைமையாசிரியர் சொன்னால் காரணம் இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிமிடத்தில் அந்தப் பொருள் முடிந்து அடுத்த பொருளுக்குச் சென்றோம். ஓர் ஆண்டுக்குரிய சனிக்கிழமை வருமானம் ஒரு குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. எனக்கு அப்போது உறுத்தவில்லை. நேர்மையைக் காத்துவிட்டதாகவே எண்ணினேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தி துணைக்கு வந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தைப் பற்றிய செய்தி. 1987 ஜூன் மாதத்தில் அந்நிறுவனத்தின் மீதும் அதன் அதிகாரிகள் இருவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்த புதிய கார்களை மேலாளர்கள் மீட்டரைத் துண்டித்துவிட்டு ஓட்டினார்கள். பின்னர் அவை புத்தம் புதியவை என்று விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 1985, 1986ஆம் ஆண்டுகளில் மட்டும் இவ்வாறு ஓட்டப்பட்டவை 60,000க்கும் மேற்பட்ட கார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே செய்யும்போது ஒரு வேன் ஓட்டுநர் செய்யமாட்டாரா என்று என் மனம் வாதாடிற்று. அந்த வழக்கின் மறுபாதியை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

நம் தீவின் பழக்கமும் எனக்குத் துணை நின்றது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இங்கேதான் தோன்றியது. அதனை ஏறக்குறைய அரை நூற்றாண்டு தலைமை தாங்கி நடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ் 2019 மே மாதம் மறைந்தார். தராசைப் பார், தேதியைப் பார், விலையைப் பார், பார்க்காமல் வாங்காதே என்று அச்சங்கம் எங்கள் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. அது நல்ல பாடம். கடையில் நிற்கும்போது ஐயம் ஒரு கவசம். ஆனால் அந்தக் கவசத்தைக் கழற்றாமலே நண்பரின் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டேன். சந்தைக்கு உரிய அறம் வேறு, நட்புக்கு உரிய அறம் வேறு என்பது எனக்குத் தோன்றவில்லை.

தைப்பூசம் அவ்வாண்டு ஜனவரி 21இல் வந்தது. தண்ணீர்மலைக்கு நடந்தே சென்று வந்தோம். கூட்டத்தில் அண்ணனைத் தொலைவிலிருந்து கண்டேன். தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மறுபக்கமாக நடந்து சென்றுவிட்டேன்.

25ஆம் நாள் வெள்ளிக்கிழமை. பள்ளி முடிந்து வரும் வழியில் எண்ணெய் முள் இறங்கியிருப்பதைக் கண்டேன். அண்ணன் நிரப்பிக் கொடுத்த எண்ணெய் அன்றுவரை போதுமானதாக இருந்தது. நிலையத்தில் நிறுத்தி எண்ணெய் ஊற்றினேன். குறிப்பேட்டை எடுத்தேன். நாளை எழுதினேன். மீட்டரைப் பார்த்தேன்.

86251.

சிறிது நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேல் வரியைப் பார்த்தேன். டிசம்பர் 28ஆம் நாள் என் கையெழுத்தில் எழுதியிருந்த எண்ணும் 86251. வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒன்பது கிலோமீட்டர். பள்ளி திறந்த நாளிலிருந்து பதினேழு நாட்கள் போய் வந்திருக்கிறேன். சந்தைக்குப் போயிருக்கிறேன், திருமண வீட்டுக்குப் போயிருக்கிறேன். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நானே ஓட்டியிருக்கிறேன். மீட்டரின் சாட்சியப்படி நான் வீட்டை விட்டே கிளம்பவில்லை.

பின்னால் நின்ற கார்க்காரர் ஒலி எழுப்பினார். காரை ஓரமாக நகர்த்தி நிறுத்தினேன். வேகம் காட்டும் முள் ஒழுங்காக ஆடிற்று. அதனால்தான் எனக்கு ஐயம் எழவில்லை. ஆனால் காரணம் அது மட்டும் அன்று. அந்த எண்ணை நான் ஒரு மாதமாக நெஞ்சில் சுமந்தேன். இரவெல்லாம் அதனை உருட்டி உருட்டிப் பார்த்தேன். ஆயினும் கண்ணெதிரே இருந்த மீட்டரை ஒரு முறையேனும் பார்க்கவில்லை. பிறர்மீது சாட்சி சொல்வதற்காக வைத்திருந்த எண், என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்கும் தேவை எனக்கு எழவே இல்லை.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். பழுது பார்ப்பவர் மீட்டரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளிருந்து அரிசி அளவிலான இரண்டு நெகிழித் துண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எண் உருளைகளைத் திருப்பும் சிறு பற்சக்கரத்தின் பற்கள். பழைய கார்களில் நெகிழி காய்ந்து உதிர்வது வழக்கம்தான் என்றார். யாரும் கைவைத்த அடையாளம் உண்டா என்று கேட்டேன். "திருகாணியின் மேலே இருபது வருடத்துத் தூசி இருக்கிறது சார். யார் கைவைப்பது?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நேராக ஜெலுத்தோங்குக்குச் சென்றேன். அண்ணன் வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. பற்றுச்சீட்டிலிருந்து பற்சக்கரம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சங்கக் கூட்டத்தில் நான் சொன்னதையும் சொன்னேன். அதனைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெதுவாகச் சொன்னார்: "சுங்கைப் பட்டாணிக்குப் போனது உண்மைதான் சார். என் தங்கை வீட்டுக்காரருக்கு மாரடைப்பு. அன்றைக்கு வேன் பட்டறையில் இருந்தது. இரண்டு தடவை உங்கள் காரில்தான் போய் வந்தேன். சாவி கொடுத்த அன்றே சொல்ல வந்தேன். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். சரி, பள்ளி திறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீங்கள் முகம் கொடுக்கவில்லை."

சிறிது நிறுத்தி, "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே சார்" என்றார்.

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது கிரைஸ்லர் வழக்கின் மறுபாதிக்கு வருகிறேன். கார்களை ஓட்டிப் பார்த்தது குற்றம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. புதிய காரைச் சோதித்துப் பார்ப்பது நல்லதே. ஓட்டியதை மறைத்ததுதான் குற்றம். நிறுவனத்தின் தலைவர் லீ அயகோக்கா அதனை ஊரறிய ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இந்த அளவுகோலை எங்கள் இருவருக்கும் வைத்துப் பார்த்தேன். அண்ணன் காரை ஓட்டினார். நானே ஓட்டச் சொல்லியிருந்தேன். ஓட்டியதைச் சொல்ல வந்தார். நான் வாயை அடைத்தேன். எண்ணெயைத் தம் காசில் நிரப்பினார். அவர் மறைத்தது ஒன்றுமில்லை. நானோ ஐயத்தை அவரிடம் மறைத்தேன். கூட்டத்தில் காரணத்தை மறைத்தேன். நேர்மைக்குரிய வேடத்தில் என் கோழைத்தனத்தை என்னிடமே மறைத்தேன்.

மீட்டரைத் திருப்புவது என்றால் என்ன? ஒரு வண்டி உண்மையாக ஓடிய தொலைவை இல்லையென்று ஆக்குவது. பதினைந்து ஆண்டுகள் அந்த மனிதர் காலைதோறும் ஓடிய ஓட்டத்தை ஒரு பற்றுச்சீட்டைக் கொண்டு ஒரே இரவில் சுழியத்திற்குத் திருப்பியவன் நான். அந்தக் கதையில் மீட்டரில் கைவைத்த ஒருவர் உண்டென்றால் அது நான்தான்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை மாணவர்களுக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கும் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதன் பத்தாம் குறளில் வள்ளுவர் இரண்டு தவறுகளை ஒரே தட்டில் வைக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவது ஒன்று. ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயப்படுவது மற்றொன்று. இரண்டும் ஓயாத துன்பம் தரும் என்கிறார். முதல் தவறைப் பற்றி வகுப்பில் நிறையப் பேசியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எளிதாகக் கிடைக்கும். இரண்டாவது தவறுக்கு எடுத்துக்காட்டு அகப்படாமல் விரைந்து கடந்துவிடுவேன். இப்போது எனக்கு எடுத்துக்காட்டு உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்பியபின் கேள்வியே கேட்கக்கூடாது என்று அந்தக் குறளுக்குப் பொருள் கொள்ள நான் விரும்பவில்லை. கேட்பது வேறு, ஐயத்தை வளர்ப்பது வேறு. கேட்பவன் தன் கேள்வியை வெளியே வைக்கிறான். மற்றவர் அதனைத் தொட்டுப் பார்த்து விடை சொல்லலாம். ஐயத்தை வளர்ப்பவன் கேள்வியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறான். விடையையும் தானே எழுதிக்கொள்கிறான். மாணவனே வினாத்தாளையும் எழுதி விடைத்தாளையும் திருத்தினால் நாம் ஏற்போமா?

தொலைவை அளக்கும் கருவி மிகப் பழையது. கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு தம் நூலின் பத்தாம் பகுதியில் அதனை விளக்குகிறார். வண்டிச் சக்கரம் நானூறு முறை சுழன்றால் ஐயாயிரம் அடி, அதாவது ஓர் உரோமானிய மைல். அப்போது ஒரு சிறு கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். பழஞ்சீனத்தில் வண்டியின் மேலிருக்கும் மரப்பொம்மை 'லி' என்னும் அளவு கடக்குந்தோறும் முரசு அடிக்கும். இந்த இரண்டு கருவிகளிலும் ஒரு நன்மை உண்டு. கணக்கு காதில் விழுகிறது. வண்டியில் இருப்பவர் அனைவரும் ஒன்றாகக் கேட்கிறார்கள். கல் விழவில்லை என்றால் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "ஏன் இன்னும் ஒலி வரவில்லை?" என்று கேட்டுவிடுவார். நம் மீட்டரோ பேசாமல் எண்ணுகிறது. பேசாமலே நின்றும் போகிறது. பேச வேண்டியவர்கள் நாம்தாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நான் சொன்னது தவறான எண்ணத்தால் சொன்னது என்று தெரிவித்து, அதனைக் குறிப்பில் பதியச் செய்தேன். அதற்குள் வேறொருவரோடு ஓராண்டுக்கு ஒப்பந்தமாகிவிட்டது. அவரை நிறுத்துவதும் நியாயமாகாது. அடுத்த ஆண்டு அண்ணனுக்கே தருவதென்று முடிவாயிற்று. 2020 வந்தது. சனிக்கிழமை வகுப்புகள் சில வாரங்கள் நடந்தன. மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது; பள்ளிகள் மூடின. வேன் வாசலிலேயே நின்றது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் அதனை விற்றுவிட்டார். நான் பறித்த ஆண்டை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இதற்கு ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. நான் அதனை ஏற்பதில்லை.

மீட்டரின் கதைக்கு ஒரு முடிவு இருக்கிறது. புதிய பற்சக்கரம் போட்டபின் பட்டறைக்காரர், "எந்த எண்ணில் வைக்க வேண்டும் சார்?" என்று கேட்டார். நான் திகைத்தேன். மீட்டரில் கைவைத்ததாக ஒருவர்மேல் ஐயம் கொண்டவனிடம் இப்போது அதே கை நீட்டப்பட்டிருக்கிறது. ஓடிய தொலைவைக் கூட்டி எண்ணை மாற்றுவதா, விட்டுவிடுவதா? அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருப்பது பிறகு தெரிந்தது. பழுதுபார்த்த மீட்டரில் உரிய எண்ணை வைக்க முடியாவிட்டால் அதனைச் சுழியத்தில் வைத்து, பழைய எண்ணையும் பழுதுபார்த்த நாளையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். எண்ணை மாற்றினாலும் மாற்றத்தை மறைக்காதே என்பது அதன் கருத்து. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல் மாதத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதானே! பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அழிப்பான் வைக்காதே. பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போடு, பக்கத்தில் சரியானதை எழுது, ஒப்பமிடு.

எண்ணை 86251இலேயே விடச் சொன்னேன். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஜெலுத்தோங்குக்குச் சென்றேன். "அண்ணே, விடுபட்ட கணக்கை எழுத வேண்டும். நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். அவர் துணைவியார் இருவருக்கும் கோப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் கண்களை மூடி ஒவ்வொரு பயணமாக நினைவுபடுத்திச் சொன்னார். சுங்கைப் பட்டாணி இருமுறை, இருநூறு. ஜெலுத்தோங்கைச் சுற்றி ஆறு முறை, ஒவ்வொன்றும் எட்டு, நாற்பத்தெட்டு. மொத்தம் இருநூற்று நாற்பத்தெட்டு. மீட்டர் எண்ணியது முப்பத்தேழு. எண்ணாமல் விட்டது இருநூற்றுப் பதினொன்று. அதன் கீழே நான் ஓட்டிய முந்நூற்றுச் சொச்சத்தையும் எழுதினேன்.

குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பி, ஒப்பமிடும்படி கேட்டேன். "எனக்கு எதற்கு சார் இதெல்லாம்?" என்று கூச்சப்பட்டார். பிறகு எண்ணெய்க் கறை படிந்த விரலால் பேனாவைப் பிடித்துத் தம் பெயரைத் தமிழில் எழுதினார். என் தந்தையாரின் கையெழுத்தில் தொடங்கி என் கையெழுத்தில் தொடரும் அந்தக் குறிப்பேட்டில் மூன்றாவது கையெழுத்து அது ஒன்றுதான்.